ஊக்கம் வற்றிவிட்டது என்று எழுதியவருக்கு

வணக்கம். உங்கள் சட்ட நிறுவனத்தை வளர்க்க மாதந்தோறும் திட்டம் தீட்டியும் இரண்டே வாரங்களில் ஊக்கம் வடிந்துவிடுவதாகவும், செய்திமடலுக்குப் புதிய கருத்து எதுவும் தோன்றவில்லை என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். வழக்குக்கு வாய்தா தேதி இருப்பதால் நாம் தயாராகிறோம். நிறுவனத்தை வளர்க்கும் வேலைக்கோ யாரும் தேதி குறிப்பதில்லை. ஆகவே வாரத்தில் ஒரு மணி நேரத்தை விசாரணைத் தேதியைப் போலவே நாட்குறிப்பில் எழுதி வைத்து, ஓராண்டுக்குள் முடித்த கோப்புகளை எடுத்து, ஒவ்வொரு கட்சிக்காரரும் (வழக்கை ஒப்படைத்தவர்) யார் சொல்லி உங்களிடம் வந்தார் என்று அட்டையிலேயே குறியுங்கள். பெரும்பாலும் ஒரு தணிக்கையாளரின் பெயரோ பழைய கட்சிக்காரர் ஒருவரின் பெயரோ திரும்பத் திரும்ப வரும். முதலில் பேச வேண்டியது அவர்களிடம்தான்.

எழுதுவதற்கும் அதே கோப்புகள் போதும். முதல் சந்திப்பில் கட்சிக்காரர் கேட்ட கேள்வியை அவருடைய சொற்களிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். "கூட்டாளி கையெழுத்துப் போட மறுத்தால் நான் என்ன செய்வது?" என்பதற்கு எழுதும் ஒரு பக்க விளக்கத்தை, கூட்டாண்மைச் சட்டம் பற்றிய பொதுவான கட்டுரையைவிட அதிகம் பேர் படிப்பார்கள். (அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) விளம்பரம் குறித்த வழக்கறிஞர் நெறிமுறைகள் இடத்துக்கு இடம் மாறுவதால், வெளியிடும் முன் அவற்றைச் சரிபாருங்கள். இத்தகைய ஒரு பக்க விளக்கங்களே போதும்; செய்திமடலை, என்னைக் கேட்டால், நிறுத்திவிடலாம்.