ஊசி மாற்றக் கற்றுத்தர ஒரு நிமிட வீடியோ போதும்

கேள்வி: பனியன் கம்பெனியில் பயிற்சிப் பொறுப்பில் இருக்கிறேன். புதிய டைலர்களுக்கு 40 நிமிட வீடியோவை புரொஜெக்டரில் காட்டுகிறோம். தையல் லைனுக்குப் போனதும் அதே தப்புகள். ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தால் சரியாகுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: அந்தச் செலவை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். காலையில் பார்த்த 40 நிமிடத்தில் தனக்கு வேண்டிய இடம் எதுவென்று, மாலையில் ஊசி முறிந்து நிற்கும் பெண் எங்கே போய்த் தேடுவார்?

முதலில் செக்கிங் டேபிளில் ஒரு வாரம் ஆல்ட்டர் பீஸ்களை, அதாவது திருத்தத்துக்குத் திரும்பும் துணிகளை, தப்பு வாரியாக எண்ணுங்கள். அதிகம் வரும் தப்புக்கு ஒரு வீடியோ, 60 முதல் 90 விநாடி.

துணி ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் தையல் விட்டுப்போவதை எடுத்துக்கொள்வோம். டிசி 27 வகை ஊசியின் தண்டு உருண்டை. தட்டைப் பக்கம் கிடையாது. அதனால் எப்படித் திருப்பினாலும் உள்ளே போய்விடும். ஆனால் ஊசியில் நீளவாக்கில் ஓடும் பள்ளம் டைலரைப் பார்த்தபடி நேராக இருக்க வேண்டும், ஊசி மேலே முட்டும்வரை ஏற வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும், ஊசி நூலைப் பிடிக்க வேண்டிய கொக்கியான லூப்பர் அதைத் தவறவிடும். இந்தக் காரணத்தையும் வீடியோவில் சொல்லுங்கள். காரணம் தெரிந்த கை எளிதில் மறக்காது. மெஷினை அணைப்பதிலிருந்தே வீடியோ தொடங்கட்டும். கிளட்ச் மோட்டார் அணைத்த பிறகும் சுழலும். நின்றுவிட்டதா என்று பார்ப்பதையும் காட்டுங்கள்.

போனை டைலரின் தோளுக்கு மேலிருந்து வையுங்கள். எதிரிலிருந்து எடுத்தால் இடம் வலமாகத் தெரியும், புதியவர் குழம்புவார். ஊசிக்கு மிக அருகே போனால் ஃபோகஸ் போய்விடும். ஓர் அடி தள்ளி வைத்து ஜூம் செய்யுங்கள். லைனின் இரைச்சலில் பேசிப் பதிவு செய்யாதீர்கள். குரலை அமைதியான அறையில் தனியாகப் பதிந்து சேருங்கள். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருந்தால் அதே படத்துக்கு ஒடியா, இந்திக் குரல் போதும். க்யூஆர் கோடை லேமினேட் செய்து மெஷின் டேபிளில் ஒட்டிவிடுங்கள். லைனில் போனுக்குத் தடை என்றால் சூப்பர்வைசரிடம் ஒரு போன் இருக்கட்டும்.

பலரும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். வீடியோவை ஒருமுறை காட்டியதும் அணைத்துவிடுங்கள். புதிய டைலரே ஊசியைக் கழற்றி மாட்டட்டும், ஏன் அப்படி மாட்டுகிறார் என்று வாய்விட்டுச் சொல்லட்டும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒவ்வொரு முறையும் வீடியோ இல்லாமல் செய்யச் சொல்லுங்கள். பார்த்துப் பார்த்துத் தெரிந்ததுபோல் தோன்றுவது வேறு, நினைவிலிருந்து கை செய்வது வேறு.

பலர் ஒரே இடத்தில் தடுமாறினால் அவர்களைக் கடிந்துகொள்ளாமல் அந்த விநாடிகளை மட்டும் மறுபடி படமெடுங்கள்.