எங்கள் பள்ளியில் 200 பேரில் 182 பேர்தான் மாநிலத் தேர்வு எழுதினார்கள்: டைட்டில் 1 பணம் குறையுமா? தேர்ச்சி 66 சதவீதத்திலிருந்து 63 ஆனது ஏன்?

தானாகக் குறையாது. டைட்டில் 1 நிதி, அதாவது ஏழை மாணவர்களுக்காக அமெரிக்க மத்திய அரசு பள்ளிகளுக்குத் தரும் உதவி, ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் வருகிறது.

தேர்ச்சி சரிந்தது வகுக்கும் எண்ணால். 2015-இன் எஸ்ஸா (ESSA) என்ற அமெரிக்கப் பள்ளிக்கல்விச் சட்டப்படி, எழுதியவர்கள் அல்லது மொத்த மாணவர்களில் 95 சதவீதம், எது அதிகமோ அதால்தான் வகுக்க வேண்டும். உங்கள் பள்ளியில் தேறிய 120 பேரை 182-ஆல் அல்ல, 190-ஆல் வகுத்திருப்பார்கள். எழுதாத 18 பேரில் 8 பேர் தேறாதவர்களாகக் கணக்கில் ஏறிவிட்டார்கள். கடுமைதான், ஆனால் பின்தங்கிய பிள்ளைகளைத் தேர்வன்று வீட்டில் நிறுத்திவிடாமல் காப்பதும் இதே விதிதான்.

பள்ளிகளைப் பற்றி மாநிலம் வெளியிடும் அறிக்கை அட்டையில் மாற்றுத்திறன் மாணவர், ஆங்கிலம் கற்போர் என ஒவ்வொரு பிரிவின் பங்கேற்பையும் தனியே பாருங்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பங்கேற்பு 95 சதவீதத்துக்குக் கீழே போனால் வேறென்ன நடவடிக்கை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எஸ்ஸாவுக்கான உங்கள் மாநிலத் திட்டத்தைப் படித்துவிட்டே பள்ளி முதல்வரிடம் பேசுங்கள்.