நாய்க்குட்டி குளிக்கப் பயப்படுகிறது, எப்படிப் பழக்குவது?

கேள்வி: பத்து வாரக் குட்டி. இதுவரை மூன்று முறை குளிப்பாட்டியாயிற்று. ஒவ்வொரு முறையும் கத்துகிறது, கையைக் கவ்வுகிறது. இப்போதெல்லாம் வாளியைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பிடித்து வைத்துக் குளிப்பாட்டினால் போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள். சரியா?

பதில்:

சரியில்லை. நானும் அதைத்தான் செய்தேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் பொரி, நாட்டு நாய். மதுரையில், எங்கள் தெரு முனைச் சாக்கடைப் பாலத்துக்கு அடியிலிருந்து எடுத்து வந்தபோது இரண்டு மாதம் இருக்கும். உடம்பெல்லாம் சேறு, காது மடலில் உண்ணி. வந்த அன்றைக்கே குளியலறைக்குள் தூக்கிப்போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, தலையோடு தண்ணீர் ஊற்றினேன். கத்தித் தீர்த்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டாவது குளியல். அன்றைக்குச் சத்தமே இல்லை, ஆடாமல் அசையாமல் நின்றது. "பாரு, பழகிடுச்சு" என்றார் அம்மா. நானும் நம்பினேன். சோப்பு போடக் குனிந்தபோதுதான் பார்த்தேன். பின்னங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போயிருந்தது. தப்பிக்க வழியில்லை என்று ஆன பிறகு ஒரு உயிர் அப்படித்தான் நிற்கும். அதைப் பழக்கம் என்று சொல்லக் கூடாது. மூன்றாவது முறை தூக்கக் கை நீட்டியபோது உறுமியது. மூன்று மாதம் கூடத் தாண்டாத குட்டி என்னைப் பார்த்து உறுமியதை இன்னும் மறக்க முடியவில்லை.

அதே வாரம் மழை பெய்தது. பின்கட்டில் தேங்கிய தண்ணீரில் பொரி குதித்து விளையாடுகிறது! முகத்தை உள்ளே விட்டு மண்ணைக் கிளறுகிறது. அப்படியென்றால் பயம் தண்ணீர் மேல் இல்லை. வேறு எதன் மேல்? உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. நமக்குக் குளியல் என்பது ஒரு வேலை. குட்டிக்கு அது ஒன்றன் பின் ஒன்றாக வருகிற பத்துத் தொந்தரவு. திடீரென்று தூக்குகிறார்கள், கதவு சாத்தப்படுகிறது, டைல்ஸ் தரை வழுக்குகிறது, வாளியில் தண்ணீர் விழும் சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்புகிறது. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். நமக்கு வாளிச் சத்தம் என்று தோன்றுவது அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் தண்ணீரே வருகிறது. ஆகவே பத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பொறுமை வேண்டும். எனக்கு மூன்று வாரம் ஆனது.

உங்கள் குட்டிக்குப் பத்து வாரம் என்பது நல்ல செய்தி. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைக்கும் நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். அந்த நாட்களில் பார்ப்பதையும் தொடுவதையும் "இது சும்மாதான்" என்று எளிதாக ஏற்றுக்கொள்ளும். காலம் தாண்டினால் முடியாது என்றில்லை, கூடுதல் நாள் பிடிக்கும். கெட்ட அனுபவமும் இதே வயதில் ஆழமாகப் பதியும் என்பதால்தான் இப்போது வலுக்கட்டாயம் வேண்டாம் என்கிறேன்.

முதலில் ஒரு பத்து நாள் குளியலை நிறுத்திவிடுங்கள். நாற்றம் அடித்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்து விடுங்கள். குட்டிக்கு இதுவே போதும். நாட்டு நாய், ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரிக் குட்டை முடி நாய்களுக்கு மாதம் ஒரு குளியலே தாராளம். வாராவாரம் குளிப்பாட்டினால் தோலில் இயற்கையாக இருக்கும் எண்ணெய்ப் பசை போய் அரிப்புதான் மிச்சம்.

அடுத்து இடத்தை மாற்றுங்கள். குளியலறை கெட்ட ஞாபகம் ஆகிவிட்டது. நான் பின்கட்டில் துணி துவைக்கிற கல் பக்கத்துக்கு மாற்றினேன். திறந்த இடம், எதிரொலி இல்லை, கதவு இல்லை. மாடி வீடு என்றால் பால்கனி போதும். தரையில் ஒரு கோணிச் சாக்கை இரண்டாக மடித்துப் போடுங்கள், அல்லது ரப்பர் மிதியடி. கால் வழுக்காமல் நிற்க முடிந்தாலே பாதிப் பயம் போய்விடும். இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வழுக்கும் தரையில் நம்மை நிற்க வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினால் நாமும் எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே பார்ப்போம். குட்டி உங்கள் கையைக் கவ்வுவதில் அதுவும் ஒரு பங்கு.

சாக்கு விரித்த முதல் இரண்டு நாள் தண்ணீரே கிடையாது. அதன் மேல் நின்றால் வேகவைத்த கோழி ஈரல், பச்சைப்பயறு அளவுக்குக் கிள்ளி ஒன்று. இறங்கிப் போனால் விட்டுவிட வேண்டும், கூப்பிடக் கூடாது. போகலாம் என்று தெரிந்தால்தான் திரும்பி வரும். பொரி முதல் நாள் நாலு தடவை இறங்கிப் போனது, ஐந்து தடவை வந்தது.

இங்கே நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்ல வேண்டும். பழைய குளியல் நாட்களில் ஈரலைக் காட்டிக் கூப்பிட்டு, வந்ததும் பிடித்துத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். விளைவு, ஈரலைக் கையில் எடுத்தாலே பொரி பின்வாங்க ஆரம்பித்தது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களை வைத்துச் செய்த சோதனையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். சத்தம் முதலில், சாப்பாடு அப்புறம். அதனால் சத்தம் கேட்டதுமே எச்சில் ஊறியது. நான் அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன். சாப்பாடு முதலில் வந்து பயம் பின்னால் வந்தால், சாப்பாடே பயத்துக்கு முன்னறிவிப்பு ஆகிவிடும். ஆகவே வரிசையை மாற்றக் கூடாது. வாளி முதலில் கண்ணில் படட்டும், அப்புறம் ஈரல். ஈரத்துணி காலில் படட்டும், அப்புறம் ஈரல்.

மூன்றாம் நாளிலிருந்து எவர்சில்வர் தட்டில் கெட்டித் தயிரைப் பரவலாகத் தடவி, துவைக்கிற கல்லில் சாய்த்து வைத்தேன், அதன் மூக்கு உயரத்துக்கு. பொரிக்குத் தயிர் என்றால் உயிர். வாளியைக் கொண்டு வந்து வைத்ததும் தட்டு வரும், வாளியை எடுத்ததும் தட்டும் போய்விடும். நாலே நாளில் வாளியின் கைப்பிடிச் சத்தம் கேட்டால் வாலாட்டிக்கொண்டு வந்தது. (தயிர் ஒத்துக்கொள்ளாத குட்டிகளும் உண்டு, வயிறு இளகினால் மசித்த பூசணிக்காய் வையுங்கள். நிலக்கடலை வெண்ணெய் தடவுபவர்கள் டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், அது நாய்க்கு விஷம்.)

அந்தத் தட்டுதான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது. ஆறாம் நாள் சாயங்காலம். சாக்கின் மேல் நின்று நக்கிக்கொண்டிருக்கிறது. மக்கில் அரை அங்குலம் தண்ணீர் எடுத்துப் பின்னங்காலில் மெல்ல விட்டேன். காது ஒருமுறை திரும்பியது, நாக்கு நிற்கவில்லை. இன்னொரு தடவை விட்டேன், அப்போதும் நிற்கவில்லை. மூன்றாவது தடவை மொள்ளும்போது மக் வாளி விளிம்பில் பட்டு "டொக்" என்றது. நாக்கு நின்றுவிட்டது. தலை தாழ்ந்தது, கண்ணோரம் வெள்ளை தெரிய என்னைப் பார்த்தது. தண்ணீருக்கு நிற்காத நாக்கு அந்தச் சத்தத்துக்கு நின்றது! அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டேன். அடுத்த இரண்டு நாள் தண்ணீரை மறந்து, வீட்டில் அங்கங்கே மக்கால் வாளியைத் தட்டுவேன், முதலில் தூரத்திலிருந்து, மெதுவாக, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஈரல். அப்படித்தான் அந்தச் சத்தம் பழகியது.

ஆகவே அளவுகோல் நாக்குதான். நக்கிக்கொண்டே இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். நின்றால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், ஒரு படி கீழே வாருங்கள். கூடவே இவற்றையும் பாருங்கள்: தூக்கம் வராமல் கொட்டாவி, சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்குவது, காதைப் பின்னுக்கு மடிப்பது, அப்படியே உறைந்து நிற்பது. உறுமலுக்கு முன்னால் குட்டி நம்மிடம் இத்தனை தடவை சொல்லிவிடுகிறது. உறுமினாலும் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை நேராகக் கடிக்கும்.

முழுக் குளியலுக்கு வரும்போது பாதத்தில் ஆரம்பித்துத் தொடை, முதுகு, கழுத்து என்று மேலே போங்கள். தலையில் எப்போதும் ஊற்ற வேண்டாம். முகத்தைக் கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். நாயின் காதுத் துளை முதலில் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாக மடங்கிப் போகிறது. உள்ளே போன தண்ணீர் சுலபத்தில் வெளியே வராது, காதில் புண்ணும் சீழும் அப்படித்தான் வருகின்றன. முதல் முழுக் குளியல் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், நுரை முழுக்கப் போகிற வரைக்கும் அலசினால் சரி. போர் தண்ணீராக இருந்தால் நுரை குறைவாக வரும், அதற்காக இன்னும் இன்னும் ஷாம்பூ ஊற்றாதீர்கள். கொஞ்சமாக எடுத்துத் தண்ணீரில் கலந்து தேயுங்கள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றினால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்க வேண்டும். நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம்மை விட அதிகம். பச்சைத் தண்ணீர் அதற்குக் குளிரும். இன்னொரு பக்கம், எங்கள் ஊர் சித்திரை வெயிலில் மதியம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் கை சுடும். தொட்டுப் பார்க்காமல் ஊற்றவே கூடாது. காலை ஒன்பது, பத்து மணிதான் நல்ல நேரம், துடைத்த பிறகு இளவெயிலில் காயலாம். துண்டைக் கண்டு பயப்படும் குட்டிகளும் உண்டு, அதையும் முன்னாலேயே பழக்கிவிடுங்கள். குளித்து முடித்ததும் பைத்தியம் பிடித்த மாதிரி வீடு முழுக்க ஓடும், பயப்பட வேண்டாம், வழுக்கும் அறைக் கதவை மட்டும் சாத்தி வையுங்கள். தடுப்பூசி போட்ட ஒரு வாரம் குளியல் வேண்டாம் என்று எங்கள் கால்நடை மருத்துவர் சொன்னார், உங்கள் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உண்ணி போக வேண்டும் என்று மண்ணெண்ணெய் தடவுவது, பினாயில் கலந்து குளிப்பாட்டுவது, மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கரைத்து ஊற்றுவது எல்லாம் நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. குட்டி உடம்பை நக்கும், எல்லாம் வயிற்றுக்குள் போகும். நாயின் தோல் நம் தோலை விட மெல்லியது, அதன் வழியாகவும் உள்ளே இறங்கும். இப்படிக் கையில் துவண்டு கிடந்த ஒரு குட்டியை மருத்துவமனை வாசலில் பார்த்திருக்கிறேன். உண்ணிக்கு மருத்துவரிடம் எடையைச் சொல்லி, வயதுக்கு ஏற்ற மருந்து வாங்குங்கள். கழுத்தில் விடும் சொட்டு மருந்து என்றால் பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் குளியல் கூடாது. நாம் குளிக்கும் சோப்பும் வேண்டாம், நாய்த் தோலின் அமிலத்தன்மை நம்முடையதிலிருந்து வேறுபட்டது. நாய்க்கென்று விற்கும் சாதாரண ஷாம்பூ போதும்.

பொரிக்கு இப்போது மூன்று வயது. குளியல் அதற்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாக்கை விரித்தால் தானாக வந்து முன்னங்கால் இரண்டையும் அதன் மேல் வைத்துக்கொண்டு, தட்டு எங்கே என்று என் கையைப் பார்க்கும். நடுவில் இறங்கிப் போனால் இன்றைக்கும் விட்டுவிடுகிறேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு, நுரையோடு திரும்பி வந்து நிற்கும்.

உங்கள் குட்டி கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள். அது ஒன்றுதான் இப்போதைக்கு அதற்கு இருக்கிற பத்திரமான இடம். இன்றைக்கு ராத்திரி அந்த வாளியைக் காலியாகக் கூடத்தில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, குட்டியின் சாப்பாட்டுத் தட்டை அதிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள். வந்து நிம்மதியாகச் சாப்பிட்டால் நாளைக்கு ஐந்தடி. வராவிட்டால் பத்தடி.