அமெரிக்காவில் ஒரு கல்லூரி பேண்டு மாஸ்டருக்கு ஏன் இவ்வளவு பெயர்?

"ஃபுட்பால் மேட்ச் இடைவேளையில் பேண்டு வாசிக்கவைக்கும் ஆளை இப்படிக் கொண்டாடுகிறார்களே, அப்படி என்ன செய்துவிட்டார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா மாஸ்டரையும் கொண்டாடுவதில்லை. வில்லியம் ஃபாஸ்டரைக் கொண்டாடினார்கள்.

1919-ல் பிறந்தவர், கிளாரினெட்காரர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இசை படித்தார். ஆனால் கறுப்பர் என்பதால் அங்கிருந்த மார்ச்சிங் பேண்டில், அதாவது நடந்துகொண்டே வாசிக்கும் குழுவில், இடமில்லை. இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் ஆகும் ஆசையைச் சொன்னபோது, கறுப்பர்களுக்கு அந்த வேலை எங்கும் கிடைக்காது என்று டீனே சொல்லிவிட்டார். சரி, வெள்ளையர் பேண்டுகளை மிஞ்சும் ஒரு பேண்டை நானே உண்டாக்குகிறேன் என்று கிளம்பியவர், 1946-ல் கறுப்பின மாணவர்கள் படித்த ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரிக்குப் போனார். 1998 வரை, 52 வருஷம், வேறெங்கும் போகவில்லை.

நான் பள்ளியில் சைடு டிரம் அடித்தவன். எங்களுக்கெல்லாம் மார்ச்சிங் என்றால் ராணுவ நடை, அவ்வளவுதான். ஃபாஸ்டர் அந்த விறைப்பைக் கழற்றினார். ரேடியோவில் ஓடும் பாட்டை மைதானத்துக்குக் கொண்டுவந்து, வாசிக்கிறவர்களையே ஆடவும் வைத்தார். தொடை தரைக்கு இணையாக வரும் அளவுக்கு முழங்காலைத் தூக்கி நடக்க வேண்டும், டிரம்பெட் மட்டும் உதட்டில் அசையக் கூடாது. செய்து பார்த்தால்தான் மூச்சு எங்கே போகிறது என்று தெரியும்! அப்புறம் அந்த மெதுநடை. நிமிடத்துக்கு 20 காலடிதான். ஒரு காலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றாக நகர்வார்கள். வேக நடையைவிட இதுதான் கஷ்டம்.

1985-ல் கல்லூரி பேண்டுகளுக்கான சட்லர் கோப்பை கிடைத்தது. 1989-ல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவில், அமெரிக்காவின் சார்பாகப் பாரிஸ் தெருவில் நடந்தது இவர் பேண்டுதான். இன்று வெள்ளையர் கல்லூரிகளின் பேண்டுகளும் மைதானத்தில் ஆடுகின்றனவே, அதில் இவர் பங்கு பெரியது.

ஆனால் 2011-ல் அதே பேண்டில் ராகிங் என்ற பெயரில் பஸ்ஸுக்குள் அடித்ததில் ஒரு டிரம் மேஜர், அதாவது பேண்டை முன்னால் நின்று நடத்தும் மாணவர், இறந்துபோனார். பேண்டையே நிறுத்திவைத்தார்கள், 2013-ல்தான் மறுபடி மைதானத்துக்கு வந்தது. ஃபாஸ்டர் 2010-லேயே காலமாகிவிட்டார். அவரைப் பற்றி எழுதும் பலர் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பேண்டின் கதையில் இதுவும் சேர்த்திதான்.