ஒரேயொரு ஆளுக்கும் ஈ.பி.எஃப். கட்ட வேண்டுமா?

கொட்டாஞ்சேனையில் கணவருடன் தையற்கடை நடத்தும் வாசகி கேட்கிறார்: “ஓடர் கூடிவிட்டது. ஒரு பிள்ளையை வேலைக்கு எடுக்கலாம் என்று பார்க்கிறோம். ஒரேயொரு ஆளுக்கும் ஈ.பி.எஃப். கட்டத்தான் வேண்டுமா? பீஸ் கணக்கில் காசு கொடுத்தால் தப்பலாமா?”

கட்டத்தான் வேண்டும். குடும்பத்தார் மட்டும் வேலை செய்யும் வரை உங்களுக்கு விலக்கு இருந்தது. வெளியாள் ஒருவர் வந்த முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எஃப். பொருந்தும். பீஸ் கணக்கு, நாட்கூலி, ‘கொஞ்ச நாள் பார்ப்போம்’ எல்லாம் இதற்குள் அடக்கம். ‘15 பேர் இருந்தால்தானே?’ என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருப்பார். அது 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்துக்கான கணக்கு, இதற்கல்ல.

சரி, காசு எவ்வளவு போகும்? சம்பளம் 40,000 ரூபாய் என்று வைப்போம். அதில் 8 வீதம், 3,200 ரூபாய், அவருடைய பங்காகக் கழியும். கையில் 36,800 கிடைக்கும். உங்கள் பங்கு 12 வீதம், 4,800. அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈ.டி.எஃப். 3 வீதம், 1,200. ஆக உங்களுக்கு மாதம் 46,000 செலவு. இந்தத் தொகையைத் தீபாவளி, நத்தார், சித்திரை வருஷ மாத வருமானத்தோடு ஒப்பிடாதீர்கள். கடை காற்று வாங்கும் மாதக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். அதிலும் தாங்கினால் எடுங்கள். தாங்காவிட்டால் அரைநாளுக்கு ஒருவரை எடுங்கள், அவருக்கும் கட்டுங்கள்.

பதிவைத் தொழில் திணைக்களத்தில் செய்யலாம், தலைமையகம் நாரஹேன்பிட்டியில். ஒவ்வொரு மாதக் காசையும் அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும். சின்னக் கடைகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மாதாமாதக் கட்டணம் அல்ல, வேலையை விட்டுப் போனவர் முறைப்பாடு செய்ததும் மொத்தமாக வந்து நிற்கும் பழைய பாக்கிதான்.

இந்தத் தொல்லை எதற்கு என்று தோன்றலாம். கட்டுநாயக்க கார்மென்ட்ஸில் ஜூக்கி தையல் மெஷின் ஓட்டிப் பழகிய பெண், கல்யாணத்துக்குப் பிறகு ஷிப்ட்டுக்குப் போக முடியாமல் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை தேடுவார். அப்படிப்பட்டவர் நல்ல கைகாரி. ஆனால் ஈ.பி.எஃப். உண்டா என்றுதான் முதலில் கேட்பார்.

நியமனக் கடிதத்தை மறக்காதீர்கள். பீஸ் விலை, வேலை நேரம், சம்பளத் திகதி மூன்றையும் அதில் எழுதி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.