சிகரெட் பெட்டிக்குப் படம் போட்டாச்சு, வெற்றிலைக் கூறுக்கு?

இந்தச் சுகாதாரக் கேள்வி பதில் பக்கத்துக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே மாதிரி. "மிஸ், எனக்குத் தலை சுத்துது, என்ன வருத்தம்?" வயது இல்லை, ஆணா பெண்ணா தெரியாது, எத்தனை நாளாக என்றும் இல்லை. ஜாதகம் பார்க்கிறவரே பிறந்த நேரம் கேட்பார். எனக்கு வயதையாவது எழுதுங்கள். பதில் சொல்லும்படி எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

சுகாதார மேம்பாட்டுப் பணியகம் என்று டீவியில் அடிக்கடி சொல்கிறார்கள். அது ஆஸ்பத்திரியா? போனால் மருந்து தருவார்களா?
உயர்தர மாணவி, ராகலை

தரமாட்டார்கள், மகள். நீங்கள் மருந்து வரிசையில் போய் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. சுகாதார அமைச்சின் கீழ் கொழும்பில் இயங்குகிறது. 1972இல் சுகாதாரக் கல்விப் பணியகமாகத் தொடங்கியது, பிற்காலத்தில்தான் இந்தப் பெயர். பெயர் சும்மா மாறவில்லை. 1986இல் ஒட்டாவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு, சனங்களுக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதாது, விலை, சட்டம், தண்ணீர், வேலை செய்யும் இடம் எல்லாம் சேர்ந்துதான் சுகம் என்ற எண்ணம் பரவியது. கையைக் கழுவு என்று தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரில் படம் ஒட்டுவது கல்வி. அந்த லயத்துக்குப் பைப்பு வருவதும் சேர்ந்தால்தான் மேம்பாடு. கொரோனா காலத்தில் 1999க்குப் பேசியிருப்பீர்களே, அது இவர்கள் நடத்திய இலக்கம்தான். உங்கள் ஊரில் அவர்கள் செய்தியைக் கொண்டுவருவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. மாத்தயாவும் மிட்வைஃப் நோனாவும் அங்கே இருந்துதான் வருகிறார்கள். பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

கடையில் வைத்திருக்கும் சோடாப் போத்தலில் சிவப்புப் புள்ளி இருக்கிறது. விற்கக் கூடாதா?
கடைக்காரர், ஹட்டன்

விற்கலாம். சிவப்பு என்றால் தடை இல்லை, சீனி அதிகம் என்று அர்த்தம். 2016 ஆகஸ்டிலிருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. சிவப்புப் போட்ட 400 மில்லிப் போத்தல் ஒன்றில் குறைந்தது பத்துத் தேக்கரண்டி சீனி கரைந்திருக்கும். ஒரு நாளைக்கு ஆறு கரண்டிக்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஆனால் முதலாளி, உங்கள் கடை வாசலில் பிளேன்டீ குடிக்கிறவர் கிளாசுக்கு மூன்று கரண்டி போட்டு நாளுக்கு ஐந்து தடவை குடிக்கிறாரே, அந்தக் கிளாசில் எந்தப் புள்ளியும் இல்லை. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்த பழைய ஆட்கள் இதை விடக் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள்.

சுகர் 180 இருக்கிறது. என்ன செய்யலாம்? பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் இதே வருத்தம், அவர் மாத்திரையைக் குடித்துப் பார்க்கவா?
47 வயது ஆண், மஸ்கெலியா

வயதை எழுதியதற்கு நன்றி. எப்போது பார்த்த 180 என்று எழுத மறந்துவிட்டீர்கள். இரவு முழுக்கச் சாப்பிடாமல் காலையில் பார்த்தது என்றால் அது சீனி வருத்தத்தின் அளவு. 126இல் தொடங்குகிறது கோடு. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் கடையில் குத்திப் பார்த்தது என்றால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம் இருக்கும். 2011இல் தொடங்கிய ஏற்பாடு. 35 வயது தாண்டிய எவரும் வருத்தம் இல்லாமலே போய் நிறை, உயரம், பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். போகும் பெண்களில் பாதி அளவுக்குக்கூட ஆண்கள் போவதில்லை. காரணம் எனக்குத் தெரியும். வேலை நாளில் போனால் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை. ஆனால் கால் புண் ஆறாமல் வார்ட்டில் கிடக்கும்போது எத்தனை பேர் விழாமல் போகும் என்றும் எண்ணிப் பாருங்கள். வெறும் வயிற்றோடு போங்கள், தேத்தண்ணியும் கூடாது. கிளினிக் புத்தகம் கொடுத்தால் தொலைக்காதீர்கள். அண்ணனின் மாத்திரை அண்ணனுக்கு. இன்னொருவர் மாத்திரையைத் தொடாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தரம் எழுதிவிட்டேன்!

அம்மா 30 வருஷமாக வெத்திலை போடுகிறார். நான் சண்டை பிடித்து புகையிலையை விட வைத்துவிட்டேன். இப்போது வெறும் வெத்திலை பாக்கு சுண்ணாம்புதான். சிகரெட் மாதிரி இல்லையே, இனிப் பயமில்லைதானே?
கொழுந்தெடுக்கும் தாயின் மகன், பொகவந்தலாவை

பயம் இருக்கிறது, தம்பி. புகையிலையை விட வைத்தது பெரிய காரியம், அதற்குக் கை கொடுக்கிறேன். ஆனால் பாக்கே புற்றுநோயைத் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலையையும் தனிப் பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். சிகரெட் இருக்கும் அதே வகுப்பு. நம் நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். நுரையீரல் அதற்குப் பின்னால்தான் நிற்கிறது.

இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2006இன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் புகையிலை மற்றும் மதுசார தேசிய அதிகார சபை வந்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்கக் கூடாது, விளம்பரம் கூடாது. 2015 முதல் பெட்டியின் 80 சதவீதத்தை அழுகிய வாயும் நுரையீரலும் மூடிக்கொண்டன. 2016இல் புகையிலை கலந்து பைக்கற்றில் விற்ற இனிப்புப் பாக்கையும் தடை செய்தார்கள். எல்லாம் நல்ல வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் தோட்டத்துப் பெண்கள் சிகரெட்டையா குடிக்கிறார்கள்? வெற்றிலைக் கூறு தாளில் சுற்றிக் கிடக்கிறது. அதற்குப் பெட்டி இல்லை. எந்த இடத்தில் 80 சதவீதப் படத்தை ஒட்டுவது?

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு டிவிசனில் கூட்டம் போட்டேன். மேலே இருந்து வந்த படத்தில் ஓர் ஆண் வாயில் சிகரெட்டோடு நிற்கிறான். கூட்டத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள், ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை. ஒரு மணி நேரம் பேசினேன், தலையாட்டிக் கேட்டார்கள். முடிந்ததும் தலைவர் வீட்டிலிருந்து தட்டில் வெற்றிலை பாக்கு வந்தது, மிஸ்ஸுக்கு மரியாதை செய்ய! அன்றைக்கு எனக்குக் கோபம் அவர்கள் மேல் வரவில்லை. படத்தை அனுப்பியவர் ஒரு நாளாவது மலையில் நின்றிருந்தால் வேறு படம் வரைந்திருப்பார்.

உங்கள் அம்மா ஏன் போடுகிறார் என்று கேட்டீர்களா? காலையில் பனி. மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பகல் வரைக்கும் பசி தெரியக் கூடாது. பாக்கு உடம்பைச் சூடாக்கும், பசியை மறக்க வைக்கும். காரணத்தை விட்டுவிட்டுக் கூறை மட்டும் பிடுங்கினால் அவர் ஒளித்துப் போடுவார். மலைக்குப் போகும்போது ஒரு ரொட்டியோ அவித்த கடலையோ கட்டிக் கொடுங்கள். முதலில் பாக்கின் அளவைப் பாதியாக்குங்கள். கொடுப்பில் அடக்கி வைத்துக்கொண்டு தூங்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கெட்டது.

பிறகு வெளிச்சத்தில் அவர் வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண், சம்பல் பட்டால் எரிவு, மூன்று விரலை நிமிர்த்தி உள்ளே விட முடியாத அளவுக்கு வாய் இறுகியிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். வலிக்கவில்லையே என்று இருக்காதீர்கள், தொடக்கத்தில் வலிக்காது. வலி வந்த பிறகு மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, தேத்தண்ணியோடு குடிக்கிறேன். மலமும் கறுப்பாகப் போகிறது. மாமி திரிபோஷாவை உருண்டை பிடித்து வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கிறார்.
24 வயது, கந்தப்பளை

தேத்தண்ணியோடு குடித்தால் மாத்திரை குடிக்காத மாதிரிதான், தங்கச்சி. தேயிலையில் இருக்கும் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேயிலையிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், என்ன செய்ய. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு, தேத்தண்ணி வேண்டாம். பச்சைத் தண்ணீரோடு, விற்றமின் சீ மாத்திரை தந்திருந்தால் அதோடு சேர்த்துக் குடியுங்கள். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேரக் கூடாது. வயிறு புரட்டினால் இரவு படுக்கப் போகும்போது குடித்துப் பாருங்கள். கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம்.

திரிபோஷா 1973இலிருந்து வருகிறது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்தது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் என்று அளந்து தருவது. ஒருவரின் பங்கை ஆறு பேர் தின்றால் ஆறு பேருக்கும் ஒன்றும் சேராது. மாமியோடு சண்டை வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள், மிட்வைஃப் நோனா சொல்லட்டும். கிளினிக் புத்தகத்தை மறக்காதீர்கள்.

நாளெல்லாம் மலை ஏறி இறங்கும் நானும் உடற்பயிற்சி செய்ய வேண்டுமா?
தலவாக்கலை

வேண்டாம். கிழமைக்கு 150 நிமிடம் என்ற கணக்கு எல்லோருக்கும்தான், ஆனால் நீங்கள் மலை ஏறுவதும் அதில் சேரும். உட்கார்ந்து வேலை செய்கிறவர்தான் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். இந்தப் பக்கத்தை உங்கள் தோட்டத்து ஆபீசில் காட்டுங்கள். நீங்கள் தண்ணீர் குடியுங்கள், கூடைப் பாரத்தைத் தலையால் மட்டும் இழுக்காதீர்கள்.

ரோஸ் நிற உப்பு பிரஷருக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், பதுளை

பொய். அதிலும் பெரும்பகுதி சாதாரண உப்பில் இருக்கும் அதே சோடியம் குளோரைட்டுதான். அயடீன் சேர்க்காததும் நிறைய வருகிறது. கண்டக்கழலை அதிகம் இருந்த நாடு என்பதால்தான் இங்கே 1995 முதல் அயடீன் உப்பைச் சட்டமாக்கினார்கள். உங்கள் பாட்டி காலத்தில் எத்தனை கழுத்து வீங்கியிருந்தது என்று நினைவிருக்கும். எந்த நிறமானாலும் ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராம், மட்டமாக ஒரு தேக்கரண்டி. கருவாடு, மாசி, கறிக்கட்டி எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான்.

எங்கள் டிவிசனில் இளைஞர் சங்கம் வைத்திருக்கிறோம். சுகாதார விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்த பேனர் அடிக்க யாரிடம் காசு கேட்கலாம்? வெளிநாடுகளில் இதற்கெல்லாம் அரசாங்கம் நிதி வைத்திருக்கிறதாமே.
சங்கச் செயலாளர், பசறை

இரண்டாவது கேள்விக்கு முதலில். தாய்லாந்தில் 2001இல் இதற்கென்றே ஒரு நிதியம் அமைத்தார்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் போடும் வரிக்கு மேலே 2 சதவீதம் கூட்டி அறவிட்டு அதற்குக் கொடுக்கிறார்கள். குடிக்கிறவன் காசில் குடிக்காதே என்று சொல்வது. அவுஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1987இலேயே புகையிலை வரியில் இப்படி ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டது. இங்கே 2017 நவம்பரில் இனிப்புப் பானத்தில் கிராமுக்கு 50 சதம் சீனி வரி போட்டார்கள். அடுத்த வருடமே குறைத்தும் விட்டார்கள்.

முதலாவது கேள்விக்கு: பேனர் வேண்டாம். பேனர், பூமாலை, பிரதம அதிதி, பிறகு ஒரு ரோல்ஸும் பிளேன்டீயும். மறுநாள் அந்தப் பேனர் யாரோ வீட்டுக் கூரையில் ஒழுக்குக்குக் கிடக்கும். ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். வெற்றிலை என்றால் வெற்றிலை. எத்தனை வீடு, எத்தனை பேர் போடுகிறார்கள், ஒரு மாதத்துக்கு எவ்வளவு காசு போகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். நாளுக்கு 100 ரூபாய் என்றால் மாதத்துக்கு 3000, ஐம்பது வீட்டுக்கு ஒன்றரை இலட்சம். அந்தத் தொகையைச் சனங்களே கூட்டிப் பார்க்கட்டும், நீங்கள் பேச வேண்டியிருக்காது.

பணியகம் நாடு முழுக்க வளர்க்கும் தாய்மார் ஆதரவுக் குழுக்களும் இதே மாதிரித்தான் வேலை செய்கின்றன. ஊரில் இருக்கும் தாய்மார் மிட்வைஃபோடு சேர்ந்து, தங்கள் பிள்ளைகளின் நிறை ஏன் ஏறவில்லை என்று தாங்களே காரணம் தேடுகிறார்கள். உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் கேளுங்கள். சுகாதாரக் கல்வி உத்தியோகத்தரை ஒரு நாள் வரச் சொல்லுங்கள், காசு கேட்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள், கிழமை நாளில் வைத்தால் பெரியவர்கள் மலையில் இருப்பார்கள், குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில்தான் கூட்டம் நடக்கும். சங்கத்தில் பெண்கள் எத்தனை பேர் என்றும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

வயது 36. சுவநாரி என்ற பெண்கள் கிளினிக்குக்கு வரச் சொல்லி நோனா துண்டு தந்தார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வெட்கமாக இருக்கிறது.
ஹப்புத்தளை

வருத்தம் இல்லாதபோது போவதற்குத்தான் அந்தக் கிளினிக். 35இலும் 45இலும் கர்ப்பப்பைக் கழுத்தைச் சோதிப்பார்கள், மார்பைப் பார்ப்பார்கள், பிரஷர் சீனியும் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. மகள் ஆறாம் வகுப்பில் இருந்தால் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கப் பாடசாலையில் போடும் எச்.பி.வி. ஊசியைத் தவறவிடாதீர்கள். 2017 முதல் போடுகிறார்கள், இரண்டு தடவை. அது பிள்ளை பெறாமல் செய்யும் ஊசி என்று லயத்தில் யாரோ கதை கட்டியிருப்பதாக வேறு இருவர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுதான் பதில்: கதை.

1990 அம்புலன்ஸுக்கு எடுத்தால் காசு கேட்பார்களா? தோட்டத்துக்குள் வருவார்களா?
நாவலப்பிட்டி

இலவசம். ரோட்டு இருக்கும் வரை வருவார்கள். தோட்டத்தின் பெயரோடு டிவிசன், கிட்ட இருக்கும் கோயில் அல்லது ஸ்டோர், ரோட்டு எங்கே முடிகிறது என்று சொல்லுங்கள். "நம்ம லயம்" என்று சொன்னால் அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் டோர்ச்சோடு ரோட்டில் நிற்கட்டும். கிளினிக் புத்தகத்தையும் நோயாளி குடிக்கும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள்.