சில்லறைக்குக் கிடைக்காத வெளிச்சம் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்மினி பற்றிய கட்டுரையில், 'உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் ஆற்றல் முழுவதும் ஒளியாகிறது, துளியும் வீணாவதில்லை' என்று எழுதியிருந்தீர்கள். வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் அப்படிக் கொதிக்கிறதே, அது ஏன் டீச்சர் ஒளிர்வதில்லை?" என்று ஒரு மாணவி கேட்டாள். மழுப்பிவிட்டேன். ஆற்றல் வெப்பமாக வருமா ஒளியாக வருமா என்பதை எது தீர்மானிக்கிறது?

வேதியியல் ஆசிரியை, தேனி

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவியிடம் நானும் மாட்டிக்கொண்டேன். என் வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க எங்கள் வீட்டில் தொட்டியில் சுண்ணாம்பு நீற்றுவார்கள். கல் புஸ்ஸென்று வெடித்து, தொட்டி ஆவி கக்கும். கிட்டே போனால் திட்டு விழும். அவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும், ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் ஒரு பெரிய கட்டு) சுட்ட சுண்ணாம்பு தருவது சுமார் 65 கிலோஜூல்தான். மின்மினியின் மஞ்சள் கலந்த பச்சை ஒளிக்கோ மோலுக்கு 210 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அதையும் சில்லறையாகச் சேர்த்துக் கட்ட முடியாது. ஓர் ஒளித்துகளின் விலையை ஒரு மூலக்கூறு ஒரே வீச்சில் கட்டியாக வேண்டும். சுண்ணாம்பின் கையில் அந்தத் தொகை இல்லை.

ஏடிபியிடமும் இல்லை. அது நீரோடு வினைபுரிந்து பிரிகையில் கிடைப்பது ஏறக்குறைய 30 கிலோஜூல். என் முதல் பிழை அது. 1947இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் மெக்எல்ராய் என்ற உயிர்வேதியியலாளர், ஒளி அவிந்துபோன மின்மினிச் சாற்றில் ஏடிபி சேர்த்ததும் அது மறுபடி ஒளிர்ந்தது. (நூறு பூச்சிக்கு 25 சென்ட் கொடுத்து ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்துவரச் சொன்னார்!) அதை வைத்து ஏடிபிதான் எரிபொருள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். உண்மையில் ஏடிபி, ஒளியைத் தரும் பொருளான லூசிஃபெரின் மூலக்கூறை ஆயத்தப்படுத்துவதோடு சரி. பிறகு ஆக்சிஜன் வந்து ஒட்டுகிறது. நான்கு அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு வளையம் உருவாகிறது. அதில் இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையிலான பிணைப்பு மிகவும் பலவீனமானது. வளையம் உடைந்து, உறுதியான பிணைப்புகள் கொண்ட கார்பன் டை ஆக்சைடு கழன்று போகும்போது, பெரிய தொகை ஒன்று ஒரே கணத்தில் மிஞ்சும் மூலக்கூறின் எலக்ட்ரானை மேலே தூக்கிவிடுகிறது. அது இறங்கும்போது ஒளி. அதிர்வாகச் சிதறினால் வெறும் சூடு.

சிதறவும் செய்கிறது என்பதுதான் இரண்டாவது பிழை. நான் நம்பியிருந்தது 1960இல் அளந்த 88 சதவீதத்தை. நூறாக்கியது என் கைங்கரியம். 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்தபோது 41 சதவீதம்தான் வந்தது. நூறு மூலக்கூறுகள் வினைபுரிந்தால் நாற்பத்தொன்றுதான் ஒளித்துகள் விடுகின்றன. மற்றவற்றின் ஆற்றல் சூடாகிவிடுகிறது. பூச்சியைக் கையில் வைத்தால் நமக்கு உறைக்காததற்குக் காரணம், மொத்தத் தொகையே மிகச் சிறியது.

அகல் விளக்கின் மஞ்சள் சுடர் வேறு வழி. அங்கே கரித்துகள்கள் தணலாகி ஒளிர்கின்றன. வெப்பம் முந்தி, வெளிச்சம் பிந்தி. ஆனால் கேஸ் அடுப்பின் நீலம் அப்படியல்ல. எரியும்போது பிறக்கும் கார்பன்-ஹைட்ரஜன் துணுக்குகள், வினையின் ஆற்றலை நேராகவே வாங்கி நீலமாக விடுகின்றன. அவ்வளவு சூட்டுக்கு நடுவிலும் அந்த நீலம் மின்மினியின் சாதி. மாணவியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இன்னும் கடினமான கேள்வி ஒன்று வரும். வந்தால் எழுதுங்கள்.